குறிஞ்சியாண்டவர் கோயில் கண்ட லீலாவதி அம்மையார்

பழநிமலைத் தொடரின் மேற்றளத்தே, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் அமைந்தது கோடைக்கானல் என்னும் நகரம். அந்நகரின் நடுவிடத்தினின்று மூன்று கிலோமீட்டர் அளவிற் சென்றால் முருகப்பெருமான் திருக்கோயில் ஒன்று காணப்படும். குறிஞ்சியாண்டவர் என்பது அங்கெழுந்தருளிய பெருமானுக்கு வழங்கும் திருநாமம். வானம் தெளிந்த நாளில் அக்கோயிற் புறத்தே நின்று நோக்குவார்க்குப் பழநித் திருக்குன்றம் கீழே தோன்றும். மலைக்கு மேலிருந்து மலைக்கோயிலைக் குனிந்து காணும் அக்காட்சி வேறெங்கும் எளிதிற் கிட்டுவதன்று.

இக்கோயிலை எடுப்பித்தவர் பாண்டியரோ நாயக்கரோ நகரத்தாரோ அல்லர். ஆஸ்திரேலிய நாட்டினின்று வந்து, ஈழத்துச் சைவக்குடியிற் புகுந்து, லீலாவதி எனப் பெயர் பூண்ட ஓர் அம்மையார் 1936-ஆம் ஆண்டில் எடுப்பித்தனர். கோடைக்குச் சுற்றுலாச் செல்வார் அனைவரும் இக்கோயிலைக் காண்கின்றனர். கட்டியவர் யாரென்று கேட்பார் சிலரே. கேட்பார்க்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கட்டியது என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. பிறநாட்டிற் குடியிருத்தல் எத்துணை அரிது என்பதும், அதனை ஒருவர் எம்மட்டில் நிறைவேற்றலாகும் என்பதும் அவ்வம்மையார் வாழ்விலிருந்து விளங்குதலின், சைவ நன்மக்கள் அதனை ஒருகால் எண்ணிப் பார்த்தல் தகும்.

முதற்கண் அந்நகரம் தோன்றிய வரலாற்றை அறிதல் வேண்டும். 1821-ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கிலப் படையலுவலர் இம்மலையை அளந்தனர். யாழ்ப்பாணத்தில் 1816-ஆம் ஆண்டு முதல் இருந்த அமெரிக்கக் கிறித்தவ மிஷனார் 1834-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்து தம் பணியைத் தொடங்கினர். அங்ஙனம் முதலில் வந்தாருள் ஹொய்சிங்டன் என்பாரும் ஒருவர். பிற்காலத்திற் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் இவரே. தம் சமயத்தைப் பரப்ப வந்தவர் நம் சாத்திரத்தைச் சுமந்து சென்ற விந்தையை என்னென்பது!

மதுரை நாட்டு வெயிலும் காய்ச்சலும் வாந்திபேதியும் அம்மிஷனாரை வாட்டின. பலர் இறந்தனர், அவர்தம் மக்களும் இறந்தனர். குளிர்ந்த இடம் நாடிச் சிறுமலைக்குச் சென்றனர். ஆங்கும் மலைக்காய்ச்சல் தொடர்ந்தது. அதன்பின்னரே பழநிமலைமேல் ஏறி 1845-ஆம் ஆண்டில் சன்னிசைடு, ஷெல்டன் என இரண்டு வீடுகள் அமைத்தனர். அவ்விரு வீடுகளே கோடைக்கானல் நகரின் வித்து. பின்னர் மதுரைக் கலெக்டர்களும் பிற துரைமார்களும் வீடு கட்டினர். லெவிஞ்சு என்னும் கலெக்டர் 1863-ஆம் ஆண்டில் ஓடையைத் தேக்கி ஏரி ஆக்கினர். மோட்டார் ஏறும் பாதை இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலேதான் முடிந்தது. அதுகாறும் துரைமாரும் துரைசானிகளும் நாற்காலியிலும் டோலியிலும் அமர, நம்மவர் தோளிற் சுமந்து அவர்களை மலையேற்றினர். மேலே சென்றால் தேவாலயம், படகு, பந்தாட்டம், 1901-ஆம் ஆண்டு முதல் அவர்தம் மக்களுக்கென ஒரு பள்ளி, மேனாட்டுப் பழமரங்கள், ஆஸ்திரேலியாவினின்று கொணர்ந்த யூகலிப்டசு, வாட்டில் மரங்கள்! அவர்கள் வந்தது தமிழ்நாட்டிற்கு. ஆண்டுதோறும் கோடையில் வாழ்ந்ததோ தம் நாட்டை ஒப்பச் செய்துகொண்ட ஒரு படியில்.

இதனைப் பழித்துக் கூறுகின்றோமல்லேம். பெற்ற மக்களைப் புதைத்த தாயர் குளிர்காற்றை நாடுதல் இயல்பே. நம்மவர் மலாயாவுக்கும் நேட்டாலுக்கும் சென்றபோது மாரியம்மனையும் முருகனையும் புளியையும் மிளகாயையும் உடன்கொண்டு போயினரன்றோ? பிறநாடு சென்றார் செய்வது பெரும்பாலும் இதுவே: தம் நாட்டை மடியிற் கட்டிக்கொண்டு போதல். மற்றொரு வழியும் உண்டு. அதனை மேற்கொள்வார் மிகச் சிலர்.

தனு கரண புவன போகங்களை இறைவன் உயிர்க்கு வினைக்கீடாகக் கூட்டுவன் என்பது சித்தாந்தம். உடம்பும், கருவிகளும், வாழுமிடமும், நுகர்பொருளும் ஒன்றோடொன்று பொருந்தக் கூட்டப்பெற்றன. குளிர்நாட்டிற் பிறந்தார்க்கு அந்நாட்டிற்கு ஏற்ற உடல். அவ்வூருக்கு ஏற்ற உணவு. அம்மக்களொடு பழகியதால் வாசனை ஏறிய மனமும் நாவும். ஒருவர் நாடு மாறும்போது புவனம் ஒன்றே மாறுகிறது. ஏனைய மூன்றும் பழையனவாய் உடன்வந்து புதிய புவனத்தொடு முரணி நிற்கின்றன. பிறநாட்டு வாழ்க்கையின் இடர் அனைத்தும் இம்முரணே என்க. பெரிய இடர்கள் என்று புறத்தார் எண்ணுவன கடலும் புயலும் நோயும். வாழ்ந்தறிந்தார் அஞ்சுவனவோ நாடொறும் வரும் சிறியன: காலையில் என்ன உண்பது, செருப்பை எவ்விடத்திற் களைவது, எக்கையால் வாங்குவது, எவரை எம்முறை சொல்லி அழைப்பது, எவ்விடத்திற் பேசாதிருப்பது என்பன. புயல் ஒருநாள் வந்து போகும், இவை போகா.

இனி அம்மையார் வரலாற்றுக்கு வருவோம். அன்னார் பிறப்புப் பெயர் ஹாரிசன் என்னும் குடிப்பெயரொடு கூடியது, நூல்களில் ஆர். எல். ஹாரிசன் எனக் காணப்படுவது அதுவே. அவரைச் சைவத்துக்கு ஈர்த்தவர் சர் பொன்னம்பலம் இராமநாதர். 1851-ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்து, வழக்கறிஞராய், சட்டசபை உறுப்பினராய், இலங்கையரசின் சொலிசிட்டர் ஜெனரலாய் விளங்கிய இராமநாதர், தஞ்சை அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக்கொண்டு ஒழுகியவர். பரானந்தர் என்னும் பெயரால், மத்தேயு, யோவான் என்பார் எழுதிய கிறித்தவ சுவிசேடங்களுக்குக் கீழ்நாட்டு ஞானநெறி பற்றி ஆங்கிலத்தில் உரை வகுத்தனர். முன்னது 1898-ஆம் ஆண்டிலும் பின்னது 1902-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. யோவான் சுவிசேட உரையைப் பதிப்பித்தவர் ஹாரிசன் அம்மையார். தம் மூதாதையர் வேதத்துக்கு ஒரு தமிழ்ச்சைவர் பொருள் கூறக் கேட்டு, அதனை அச்சேற்றித் தந்த நிலையிலேயே அவரை நாம் முதலிற் காண்கின்றோம். தம் வேதத்தை வீசியெறிந்து வந்தவரல்லர். அதன் வழியே நடந்து சைவத்தின் வாயிலை அடைந்தவர் என்பது இதனால் விளங்கும்.

1905, 1906-ஆம் ஆண்டுகளில் இராமநாதர் அமெரிக்கா சென்று சொற்பொழிவாற்றினர். அப்பயணத்தை ஹாரிசன் அம்மையார் ஒரு நூலாக எழுதி 1907-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கீழ்நாட்டு மாணவர்க்கு மேனாட்டுக் காட்சிகள் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடையது அது. அத்தலைப்பை ஊன்றி நோக்குக. மேனாட்டிற் பிறந்தவர், மேனாட்டாருக்குக் கீழ்நாட்டை விளக்கி எழுதுதலே அக்கால வழக்கம். அத்தகைய நூல்கள் வண்டி வண்டியாக உண்டு. இவ்வம்மையாரோ கீழ்நாட்டு மாணவர் பக்கத்தில் தம் இருக்கையை இட்டுக்கொண்டு, பிறந்த உலகைப் புறத்தே நின்று காட்டுகின்றனர். தலைப்பாகையொடு அந்நாட்டில் நடந்த இராமநாதரே அங்குப் பிறநாட்டார். உடன்நின்றவர் அவர் கண்ணாற் காணக் கற்றுக்கொண்டனர். கரணம் மாறத் தொடங்கியதற்கு இஃது அடையாளம்.

பின்னர் அவர் இராமநாதரை மணந்து லீலாவதி ஆயினர். இராமநாதர் முன்னரே மணந்து மக்களைப் பெற்றவர். உறவினர் நிறைந்த பெருங்குடியினர். அக்குடிக்கு வெள்ளைக்கார மருமகள் புதியவளல்லள். இராமநாதரின் அம்மானாகிய சர் முத்துக்குமாரசுவாமி, எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலமாதை 1875-ஆம் ஆண்டில் மணந்தவர். அவ்விருவர் மகனே கலைஞானி ஆனந்த குமாரசுவாமி. எலிசபெத் அம்மையார் கொழும்பில் வாழ்ந்த காலம் சில ஆண்டுகளே; குழந்தையொடு இங்கிலாந்து சென்றபின், 1879-ஆம் ஆண்டில் கணவர் கொழும்பில் உயிர்நீத்தனர்; அம்மையார் இங்கிலாந்திலேயே தங்கி மகனை வளர்த்தனர். கணவர் மறைந்ததும் பிறந்தநாட்டை நாடுவது எத்துணை இயல்பு என்பதற்கு அக்குடியிலேயே இங்ஙனம் ஒரு சான்று இருந்தது. லீலாவதியார் செய்தது வேறு.

ஒரு யாழ்ப்பாணத்துச் சைவவீட்டில் தலைவியாய் இருத்தல் எளிதன்று. ஊனும் மீனும் அடுக்களையிற் புகா. நீராடித் திருநீறு இடாது அடுப்பை நெருங்கல் ஆகாது. பூசையறைக்கு ஒரு தூய்மை, விருந்தினர் திண்ணைக்கு ஒரு முறை, இழவு வீட்டிற்குப் போய்வந்தால் ஒரு முழுக்கு. சேலை உடுத்தல் ஒருநாளிற் கற்கலாம். அதனை உடுத்து ஓடியாடி வேலை செய்தல் ஓராண்டிற் கூடும். உறவுமுறையோ கடலினும் பெரிது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் அழைக்கப்படும் ஆடவர் நால்வர், தமிழில் பெரியப்பு, குஞ்சியப்பு, அம்மான், மாமா என வெவ்வேறு ஆவர். ஒவ்வொருவர்க்கும் காட்டும் மரியாதையும் வேறு. முறை மாற்றி அழைத்தால் சிரிப்பார் சிலர், சினப்பார் சிலர். யாம் பிறநாட்டார் சிலர்க்குத் தமிழ் கற்பித்ததுண்டு. ழகரமே அவர்க்குப் பெரிய தடை என்று பலர் கருதுவர். அது பொய். நீ, நீர், நீங்கள், தாங்கள் என்பவற்றுள் யாரிடத்து எதனைச் சொல்வது என்பதே அவர்களைத் திகைப்பித்தது.

லீலாவதியார் சேலை உடுத்துத் தமிழ்ப்பெண்டிர் கோலம் பூண்டனர்; சைவ ஒழுக்கத்தைத் தமதாக்கினர். இராமநாதர் வழி அவர்க்குப் பிறந்த சிவகாமசுந்தரி என்னும் மகளாரைத் தஞ்சை நாட்டினின்று யாழ்ப்பாணம் வந்த தமிழறிஞர் சு. நடேசபிள்ளை மணந்தனர். நடேசபிள்ளை பரமேசுவரக் கல்லூரித் தலைவராகவும் பின்னர் அமைச்சராகவும் விளங்கியவர். வெளிநாட்டினின்று மாமியார், கடல் கடந்த தமிழ்நாட்டினின்று மருமகர். அவ்வீட்டில் வந்தேறிகளே மிகுதி என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அம்மையார் உழைப்பிற் சிறந்தது கல்வித்துறையில் அமைந்தது. அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு உறைவிடப்பள்ளி கண்டனர். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848-ஆம் ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சைவச் சிறுவர் கல்விக்கு வழிகண்டார். ஆயினும் சைவப் பெண்மக்கள் உயர்கல்வி பெறத் தம் சமயச் சூழலில் இடமின்றி நெடுங்காலம் இருந்தது. அக்குறை தீர இராமநாதர், உடுவிலுக்கு அணித்தாய மருதனார்மடத்தில் 1913-ஆம் ஆண்டிற் பெண்கள் கல்லூரி அமைத்தனர். அதன் வளர்ச்சியில் லீலாவதியார் கணவரொடு தோள்கொடுத்து நின்றனர்.

அக்கல்லூரியின் தொடக்கத்தில் தலைவியாய் இருந்தவரும் ஒரு மேனாட்டுப் பெண்மணியே. புளோரன்சு பார் என்னும் அவர் இலண்டன் நாடகமேடையிற் புகழ்பெற்றவர். கவிஞர் யேட்சுக்கும் நாடகாசிரியர் பெர்னார்டு ஷாவுக்கும் நண்பர். ஐம்பது வயது கடந்தபின் 1912-ஆம் ஆண்டில் உடைமைகளைத் துறந்து இலங்கைக்கு வந்தனர். தமிழர் வழக்கங்களை மதித்துக் கல்லூரியை நடத்தினர் என்பர். புற்றுநோய் வாய்ப்பட்டு 1917-ஆம் ஆண்டு ஏப்பிரலிற் கொழும்பில் இறந்தனர். அவர் உடல் நம் முறைப்படி எரியூட்டப்பெற்றது. நரையேறிய காலத்திற் புதுநாடு புகுந்து, உற்றார் ஒருவரும் அருகின்றி நோயுற்றுக் கிடத்தலினும் கொடியது பிறநாட்டு வாழ்வில் யாதுளது? அத்தகையார்க்கு இராமநாதர் இல்லமே உறவாயிற்று.

1921-ஆம் ஆண்டில் இராமநாதர் சர் பட்டம் பெற்றனர். அம்மையார் லேடி இராமநாதன் ஆயினர். 1930-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இராமநாதர் சிவபதம் அடைந்தனர். அம்மையார் இந்நாட்டில் இருந்ததற்குக் காரணம் கணவரே என்று எண்ணியவர் இனிப் புறப்படுவார் என்றே எதிர்பார்த்திருப்பர். அவர் புறப்பட்டாரல்லர். நெடுங்காலம் கைம்மையிலிருந்து, கல்லூரியின் பொறுப்பைத் தாங்கினர். கணவர் மறைந்து ஆறாண்டுகட்குப்பின் அவர் எழுப்பியதே கோடைக்கானற் கோயில்.

அவ்விடத்தை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது. உடுவிற் பள்ளியைக் கண்ட மிஷனின் கிளையே கோடை நகரத்தையும் கண்டது. உடுவிலுக்கு அருகே சைவக் கல்லூரிக்குத் துணைநின்ற அம்மையார், கோடையிலும் முருகனுக்கு ஓரிடம் அமைத்தனர். தம் இனத்தார் தம் நாட்டின் படியாகச் செய்துவைத்த ஊர் அது. அவர் விரும்பியிருப்பின் அங்கே சட்டை கவுனொடு, ஆங்கிலம் பேசி, ஏரிக்கரையில் உலாவிக் காலங்கழித்திருக்கலாம். பிறநாட்டார் என்னும் உணர்வே எழாது. அங்கே சேலையுடுத்த வெள்ளைமாதாக நின்று, நீறணிந்து, மலைக்கு உரியவன் முருகன் என்று கல்லும் சுண்ணமும் கொண்டு நிலைநாட்டினர்.

உண்மையிற் குறிஞ்சிநிலத்துக்குச் சேயோனே தெய்வம் என்பது நம் இலக்கணம். அம்மலைமேற் பூம்பாறையிற் குழந்தைவேலப்பர் பண்டே எழுந்தருளியிருக்கின்றார். பழநியாண்டவர் தாமும் யார்? கனி காரணமாகச் சினந்து, தாய்தந்தையர் இருந்த கயிலையை நீங்கி, தென்னாட்டுக் குன்றொன்றில் வந்து தங்கிய பிள்ளை அல்லரோ? வீட்டை விட்டு வந்து, வந்த ஊரையே தம் ஊராகக்கொண்ட கடவுள் அவர். கடல்கடந்து வந்த ஒரு பெண்ணின் உள்ளம் தெய்வங்கள் பலருள்ளும் அவரையே நாடியது பொருத்தமே என்று எமக்குத் தோன்றுகிறது.

கோயிலின் பெயர்க்குக் காரணமான குறிஞ்சிச்செடி பன்னீராண்டுக்கு ஒருமுறை மலையெங்கும் நீலமாகப் பூப்பது. 1922, 1934-ஆம் ஆண்டுகளிற் பூத்தது. கோயில் எழுந்தது 1934-ஆம் ஆண்டுப் பூப்புக்கு இரண்டாண்டு கழித்து. அண்மையில் 2006, 2018-ஆம் ஆண்டுகளிலும் பூத்தது. ஆனால் ஆஸ்திரேலிய வாட்டிலும் யூகலிப்டசும் புல்வெளிகளை மூடிப் பெருகி, குறிஞ்சிக்கு நிலமில்லாதபடி செய்துவருகின்றன. அந்நாட்டு மரம் மலையை விழுங்குகிறது. அந்நாட்டுப் பெண்மணி அம்மலைப்பூவின் பெயரால் அதன் இறைவனுக்குக் கோயில் எடுத்தனர்.

இனி, சொல்லவேண்டியதொன்றை மறையாது சொல்லுதும். புவனத்தை ஏற்றுப் போகத்தை மாற்றிக் கரணத்தையும் திருத்திக்கொண்டார் அம்மையார். மாற்ற இயலாதது தனு ஒன்றே. உலகத்தாரோ அத்தனுவையே கண்டனர். தம் வாழ்வின் பெரும்பகுதியைச் சைவராகக் கழித்தும் அவர் பெயருக்கு முன் ஐரோப்பிய மாது, வெள்ளைக்காரி என்னும் அடையே இன்றும் நிற்கின்றது. இது வந்தவர் குறையன்று, வரவேற்றவர் குறை. உடம்பு வேறு, உயிர் வேறு என்று நாள்தோறும் பாடம் சொல்லும் நாமே தோலின் நிறத்தைக் கடந்து காணமாட்டாதிருக்கின்றோம்.

மற்றொன்றும் உண்டு. கடல்கடந்து வந்த மாதுக்குக் கதவைத் திறந்த அக்குடி, தன் ஊரின் எல்லையில் வாழ்ந்தார் எல்லார்க்கும் அங்ஙனம் திறந்ததெனச் சொல்வதற்கில்லை. டொனமூர் ஆணைக்குழுவினர் 1920-களின் இறுதியில் வயதுவந்தார் அனைவர்க்கும் வாக்குரிமை பரிந்துரைத்தபோது அதனை எதிர்த்தாருள் இராமநாதரும் ஒருவர். பெருமக்களிடத்தும் இத்தகைய முரண் உண்டு. பெருமையைக் கூறி இதனை விடுத்தல் நேர்மையன்று. குறிஞ்சியாண்டவர் கோயில் எழுந்த 1936-ஆம் ஆண்டு நவம்பரிலேதான் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. மதுரை மீனாட்சியம்மை கோயிற் கதவு தாழ்த்தப்பட்டார்க்குத் திறந்தது 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள். ஆஸ்திரேலியாவிற் பிறந்தார் ஒருவர் ஆலயம் எடுக்க இயன்ற அந்நாளில், பாண்டிநாட்டிற் பிறந்தார் பல்லாயிரவர் தம்மூர்ப் பெருங்கோயிலுட் செல்ல இயலாதிருந்தனர்.

பிறநாட்டார் கோயிலுட் புகலாமோ என்னும் வினா இன்றும் ஓய்ந்தபாடில்லை. 2024-ஆம் ஆண்டு சனவரியில், பழநிக் கோயிலைப் பற்றிய வழக்கில், உயர்நீதிமன்ற மதுரைக்கிளை இந்துவல்லாதார் கொடிமரத்துக்கு அப்பாற் செல்லலாகாது எனவும், தெய்வத்தின்பால் நம்பிக்கையுண்டென உறுதி எழுதிக் கொடுப்பாரை விடலாம் எனவும் தீர்ப்பளித்தது. லீலாவதியார்க்குப் பிறப்பு வேறாயினும் சமயம் சைவமே. எனினும் அத்தகையார் வாயிலில் வந்து நிற்குங்கால், அவர் நெற்றி நீற்றை நம்புவதா, தோலின் நிறத்தை நம்புவதா என்னும் தடுமாற்றம் காப்போனுக்கு எழாதிராது. சாத்திரம் கற்றார்க்கு அத்தடுமாற்றம் எழலாகாது.

அம்மையாருடைய கல்லூரி மருதனார்மடத்தில் இன்றும் நிகழ்கின்றது. இசைக்கும் நுண்கலைக்கும் அவ்விடம் பெயர்பெற்றுளது. கோடைக்கானற் கோயில், பழநி அருள்மிகு தண்டாயுதபாணி சுவாமி திருக்கோயிலின்பால் ஒப்படைக்கப்பெற்று, அதன் ஆட்சியின்கீழ்ப் பூசை நடைபெற்று வருகின்றது.